ஆரம்பப் பாடசாலையும் தாதியும்: ஒரு சமூகவியல் நோக்கு

தாதி என்றதும் நம் மனக்கண்முன் எழுவது வைத்தியசாலை விடுதியே. கட்டில் வரிசை, வெப்பமானி, மருந்துத் தட்டு, இரவுக் கடமை ஆகியவற்றோடு சேர்த்தே அவளை எண்ணிப் பழகிவிட்டோம். ஆரம்பப் பாடசாலை ஒன்றிலே தாதிக்கு என்ன வேலை என்று கேட்டால், விளையாட்டு முற்றத்தில் விழுந்த பிள்ளையின் முழங்காலுக்கு மருந்திடுவாள், காய்ச்சல் கண்டவனை வீட்டுக்கு அனுப்புவாள் என்பதற்கு மேல் பெரும்பாலோர் விடை கூறமாட்டார். முதலுதவிப் பெட்டியின் உயிருள்ள வடிவமாக அவளைக் காணும் இந்த எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாதது. காயத்துக்குக் கட்டுப்போடுவதற்காகப் பாடசாலைத் தாதி தோன்றவில்லை. நோயின் பெயரால் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைப் பிள்ளைகளைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவரும் தேவையிலிருந்தே அவள் தோன்றினாள். அவளது பணியின் தன்மையையும் எல்லையையும் விளங்கிக்கொள்வதற்கு இத்தோற்றத்தை ஓரளவு விரிவாக நோக்குதல் அவசியமாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைத்தொழில் நாடுகளில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. அதுவரை தொழிற்சாலையிலும் தெருவிலும் வீட்டுக் கைவேலையிலும் காலங்கழித்த தொழிலாளர் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பாடசாலைக்குள் வந்தனர். சட்டம் பிள்ளையின் பெயரை இடாப்பிலே பதிந்தது. ஆனால், பிள்ளை பெயராக மட்டும் வரவில்லை, உடலோடு வந்தது. பசியும் பேனும் சொறியும் சீழ் வடியும் காதும் அதனோடு சேர்ந்து வந்தன. சமூகத்தின் வறுமையை ஒரே கூரையின் கீழ், வயதுவாரியாக, வரிசையாக இருத்திப் பார்க்கும் வாய்ப்பு அரசுக்கு முதன்முறையாகக் கிட்டியது அப்பொழுதுதான் எனலாம். வகுப்பறை நிரம்பியபொழுது தொற்றுநோய் பற்றிய அச்சமும் வளர்ந்தது. அவ்வச்சத்தின் விளைவாகப் பாடசாலைக்குள் முதலில் நுழைந்தவர் வைத்தியர். ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1894இலும் நியூயோர்க் நகரில் 1897இலும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தொடங்கப்பட்டது.

நியூயோர்க்கின் கீழைப் பகுதி அக்காலத்தில் உலகின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்று. ருஷ்யப் பேரரசிலும் கிழக்கைரோப்பாவிலும் நிகழ்ந்த இன ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த யூதர்கள், தென்னித்தாலியின் நிலமற்ற விவசாயிகள் முதலியோர் காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தனர். படுக்குமிடமே வேலைத்தலமாகவும் இருந்தது. தாயும் மூத்த பிள்ளைகளும் தைப்பு வேலையைக் கூலிக்கு எடுத்து வீட்டிலிருந்தபடியே செய்தனர். இப்பகுதிப் பாடசாலைகளில் 1902இல் மருத்துவப் பரிசோதனை கடுமையாக்கப்பட்டது. திரக்கோமா என்னும் கண்ணோய், படர்தாமரை, சொறி, தலைப்பேன் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் அப்பிள்ளை உடனடியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டது. வைத்தியர் தமது கடமையைச் சரிவரச் செய்தார், வகுப்பறைகள் வெறுமையாயின. வெளியேற்றப்பட்ட பிள்ளை எங்கே செல்கின்றது, யார் அதற்கு மருந்திடுவார், எப்பொழுது திரும்பி வரும் என்ற வினாக்களைக் கேட்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. நோய் பரவாமல் தடுக்கும் நோக்கமாவது நிறைவேறியதா எனில், அதுவும் இல்லை. வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் பாடசாலை விட்டதும் அதே சகபாடிகளோடு அதே குடியிருப்பின் மாடிப்படிகளில் கூடி விளையாடினர்.

இந்நிலையை வெளிக்கொணர்ந்தவருள் முதன்மையானவர் லிலியன் வால்ட். பயிற்றப்பட்ட தாதியான அவர் 1893இல் கீழைப் பகுதியிலேயே குடியேறி, வீடுவீடாகச் சென்று நோயாளரைப் பராமரிக்கும் தாதியர் குடியிருப்பு ஒன்றை உருவாக்கியவர். பின்னர் அது ஹென்றி வீதிக் குடியிருப்பு எனப் பெயர்பெற்றது. 1915இல் வெளிவந்த தமது நூலில் லூயி என்ற சிறுவனைப் பற்றி அவர் எழுதுகின்றார். பன்னிரண்டு வயதாகியும் அவன் ஒரு நாளாவது வகுப்பில் இருந்து கற்றதில்லை. தலையிலிருந்த கரப்பான் புண்ணைக் கண்டு, போகும்போதெல்லாம் ஆசிரியர் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். தாய் மருந்தகங்களுக்கு அலையாமல் இருந்தவளல்லள். களிம்பும் கையில் இருந்தது. அதனை எவ்வாறு, எத்தனை முறை, எவ்வளவு காலம் பூசவேண்டும் என்று அருகிருந்து காட்டுவார்தான் இல்லை. வால்ட் அதனைச் செய்தார். புண் ஆறியது; செப்ரெம்பரிலே பையன் பாடசாலையிற் சேர்ந்தான். மறுநாள் நண்பகல் இடைவேளையில் ஐந்து மாடிப்படிகளையும் ஓடியேறி வந்து, அன்று காலை கற்ற சொற்களை அவருக்கு எழுத்துக்கூட்டிக் காட்டினானாம். ஒரு களிம்புக்கும் ஒரு தலைக்கும் இடையிலிருந்த தூரம் ஒரு மனிதனின் முழு இளமைக் கல்வியையும் விழுங்கக் காத்திருந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

1902 ஒக்ரோபரில் வால்ட் நகர நிருவாகத்துக்கு ஒரு திட்டத்தை முன்வைத்தார். நோய்காரணமாக அதிக பிள்ளைகள் வெளியேற்றப்பட்ட நான்கு பாடசாலைகளுக்குத் தமது குடியிருப்பிலிருந்து ஒரு தாதியை ஒரு மாதத்துக்கு இலவசமாக அனுப்புவதாகக் கூறினார். ஆனால், அதற்கு முன்னதாக அதிகாரிகளிடம் ஒரு வாக்குறுதியையும் பெற்றுக்கொண்டார். சோதனை வெற்றிபெறின், வைத்தியருக்குப் போலத் தாதிக்கும் பொதுப் பணத்திலிருந்தே சம்பளம் கிடைக்க அவர்கள் முயலவேண்டும் என்பதே அது. தருமமாகத் தொடங்குவதைத் தருமமாகவே தொடரவிடலாகாது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. சமூக சேவை என்றவுடன் பாராட்டுப் பத்திரத்தோடு திருப்தியடையும் நம்மவர் பலர் இதிலிருந்து கற்கவேண்டியது உண்டு.

தெரிவுசெய்யப்பட்ட தாதி லினா றொஜர்ஸ். கனடாவைச் சேர்ந்தவர், ரொறன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையிற் பயின்றவர். அவருக்கெனத் தனியறை ஏதும் ஒதுக்கப்படவில்லை. சில பாடசாலைகளில் யன்னல் விளிம்பும் அறையின் மூலையுமே மருந்தகமாயின. பரிசோதித்த வைத்தியர் சிகிச்சை தேவைப்பட்ட பிள்ளைகளை நாள்தோறும் அவரிடம் அனுப்பினார். நோயின் பெயர் சீட்டில் எழுதப்படவில்லை. மாறாகக் குறியீடுகள் பயன்படுத்தப்பட்டன. பேன், சொறி போன்றவை சகபாடிகள் மத்தியில் அம்பலமாகிப் பிள்ளை நாணமடையாதிருக்கவே இந்த ஏற்பாடு. சிறிய விடயம்போலத் தோன்றினும் முழுத் திட்டத்தின் மனப்பாங்கும் இதில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகின்றோம். ஏழைப் பிள்ளைக்கும் மானம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நிருவாக நடைமுறைகள் வரலாற்றில் அதிகமில்லை.

கண்ணைக் கழுவி மருந்திடுதல், படர்தாமரைக்கு மருந்து பூசுதல், சுத்தம்பற்றிச் சொல்லிக்கொடுத்தல் ஆகியவற்றோடு முடியக்கூடிய பிள்ளைகள் சில நிமிடங்களிலேயே வகுப்புக்குத் திரும்பினர். ஏனையோரின் வீடுகளுக்குத் தாதி நேரிற் சென்றார். வைத்தியர் என்ன சொன்னார் என்பதைத் தாய்க்கு விளங்கவைத்தார். இலவச மருந்தகம் எங்குள்ளது, எப்பொழுது திறக்கும் என்பவற்றைக் கூறினார். தேவைப்பட்டவிடத்துப் பிள்ளையின் தலையை வாரிக் கழுவித் தாமே செய்துகாட்டினார். தாய் வேலைக்குப் போய்விட, வேறு யாரும் இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளையைக் கைப்பிடித்து மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. இறுதியிற் கூறிய இச்செயலை வாசகர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் நம் நாட்டைப்பற்றிப் பேசும்பொழுது இதற்கே மீண்டும் வரவேண்டியிருக்கும்.

ஒரு மாதம் போதுமானதாயிற்று. நகரசபை 30,000 டொலரை ஒதுக்கித் தாதியரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1902 செப்ரெம்பர் மாதத்தில் வெளியேற்றப்பட்ட பிள்ளைகளின் தொகை 10,567. ஓராண்டின் பின்னர், 1903 செப்ரெம்பரில் அத்தொகை 1,101 ஆகக் குறைந்தது. பாடசாலைத் தாதியின் பெருமையைக் கூறும் நூல்களனைத்தும் இவ்வெண்களை எடுத்தாளுகின்றன. எனினும் இவற்றை நாம் சற்று நிதானமாகவே வாசிக்கவேண்டும். இது நோயின் தொகையன்று; வெளியேற்றத்தின் தொகை. கீழைப் பகுதியின் பேனும் சொறியும் ஓராண்டிற் பத்திலொன்றாகிவிடவில்லை. நோயுள்ள பிள்ளையைக் கண்டதும் என்ன செய்வது என்ற தீர்மானமே மாறியது. வாசலைக் காட்டுவதற்குப் பதிலாக மருந்து காட்டப்பட்டது. முன்னர் வெளியேற்றப்பட்டோரிற் பெரும்பாலோர் வெளியேற்றப்படவேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பதையே இந்த எண்கள் மெய்ப்பிக்கின்றன. அவ்வகையில் நோக்குமிடத்து இவை தாதியின் பெருமையை விட நிருவாகத்தின் குற்றத்தையே அதிகம் பேசுகின்றன.

இவ்விடத்தில் முற்போக்குச் சிந்தனையாளர் எழுப்பக்கூடிய ஒரு வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. தாதி யாருடைய ஆள்? ஹென்றி வீதிக் குடியிருப்புக்கு நிதி வழங்கியவருள் முக்கியமானவர் ஜேக்கப் ஷிப் என்ற பெரும் வங்கி முதலாளி. நகர நிருவாகம் சம்பளம் கொடுத்தது. சுத்தம் பற்றிய போதனையோடு புதிய நாட்டின் ஒழுங்கும் கட்டுப்பாடும் சேர்ந்தே அக்குடியிருப்புகளுக்குள் புகுந்தன. ஏழையின் அடுக்களைவரை சென்று பார்க்கும் உரிமை பெற்ற அரசின் கண் என்று அவளைக் கூறின் அது முற்றிலும் பொய்யாகாது. ஆனால் அந்தக் கண் இருபுறமும் பார்த்தது. தண்ணீரை மாடிக்குச் சுமந்து ஏற்றவேண்டிய வீட்டில் தினமும் குளிப்பாட்டு என்று கூறுவதன் அபத்தத்தை, மேசையிலிருந்து சுற்றறிக்கை எழுதுபவர் அறியமாட்டார். படியேறிச் சென்ற தாதி அறிந்தாள். ஒரே படுக்கையில் நால்வர் உறங்கும்பொழுது ஒருவனின் சொறிக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை என்பதையும் அவளே கண்டாள். வால்ட் முதலியோர் பின்னர் குழந்தைத் தொழிலுக்கெதிரான இயக்கத்திலும், 1912இல் அமெரிக்கச் சிறுவர் பணியகம் அமைக்கப்படுவதற்கான முயற்சியிலும் ஈடுபட்டமை தற்செயலன்று. வீட்டுப் படிகளில் அவர்கள் கண்டதே அரசியலுக்கு அவர்களை இட்டுச்சென்றது.

நம்பிக்கை என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பதை 1906 யூன் மாத நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. கீழைப் பகுதிப் பாடசாலை ஒன்றிலே பிள்ளைகளின் தொண்டைப் பகுதியில் வளர்ந்த சதையை வைத்தியர்கள் அறுவைச் சிகிச்சைமூலம் அகற்றினர். வைத்தியர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கின்றனர் என்று வதந்தி பரவியது. நூற்றுக்கணக்கான தாய்மார் பாடசாலைகளை முற்றுகையிட்டு யன்னல்களை உடைத்துத் தம் பிள்ளைகளை மீட்க முயன்றனர். மறுநாட் பத்திரிகைகள் இதனை அறியாமையின் கலகம் என்று எள்ளி நகையாடின. அதே மாதத்திலேதான் அவர்கள் விட்டு வந்த நாட்டில், பியாலிஸ்ரொக் நகரில் யூதர் படுகொலை நிகழ்ந்தது என்பதை எண்ணினால் நகைக்கத் தோன்றாது. அரசு உத்தியோகத்தர் பிள்ளையைத் தொடுவது என்றால் என்னவென்று அத்தாய்மாரின் அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவர்கள் பேசியது இத்திஷ் மொழி. பாடசாலை பேசியது ஆங்கிலம். அறுவைக் கருவி மிகச் சிறந்ததாக இருக்கலாம். அதற்கு முன்னதாக ஒருவர் வீட்டுக்குச் சென்று தாயின் மொழியிற் பேசியிருந்தால் யன்னல்கள் தப்பியிருக்கும்.

பிரித்தானியாவின் வரலாறு வேறு காரணத்திலிருந்து தொடங்குகின்றது. 1899 முதல் 1902 வரை நடைபெற்ற தென்னாபிரிக்கப் போருக்கு ஆட்சேர்த்தபொழுது தொழிலாளர் நகரங்களிலிருந்து முன்வந்தோரிற் பெருந்தொகையினர் உடற்றகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டனர். பேரரசைக் காப்பதற்கு உடல்கள் போதவில்லை என்ற கவலை ஆளும் வர்க்கத்தைப் பிடித்துக்கொண்டது. 1904இல் உடற்சீரழிவு பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை வந்தது. 1906இல் பாடசாலை உணவுச் சட்டமும் 1907இல் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய சட்டமும் வந்தன. பிள்ளையின் பசி அதுவரை எவர் கண்ணிலும் படாதிருக்க, போர்வீரனின் மார்பளவே அதனைக் காட்டிக்கொடுத்தது. அதிலும் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். பரிசோதனை கட்டாயம், சிகிச்சை விருப்பத்துக்குரியது. சிகிச்சைக்கான ஏற்பாட்டை உள்ளூர் அதிகாரசபைகளின் கடமையாக்குவதற்கு 1918ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் பதிவேடுகளிலே துல்லியமாக நோயுற்றிருந்தனர்.

இந்த இடைவெளிக்குள் புகுந்து பணியாற்றியோர் சோசலிசவாதிகளான மார்கிரட், றேச்சல் மக்மிலன் சகோதரியர். 1908இல் இலண்டன் போ பகுதியில் பாடசாலைக் கிளினிக் ஒன்றைத் தொடங்கி, 1910இல் டெப்ற்போட் என்ற வறிய பகுதிக்கு அதனை மாற்றினர். காதுக்கும் கண்ணுக்கும் தோலுக்கும் பல்லுக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. குணமடைந்து சென்ற பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தனர். மருந்து தோற்கவில்லை, வீடு வென்றது. இதனைக் கண்ட சகோதரியர் 1911இல் பிள்ளைகள் இரவில் திறந்தவெளியில் உறங்குவதற்கான முகாமையும், 1914இல் திறந்தவெளிச் சிறுவர் பாடசாலையையும் அமைத்தனர். வகுப்பறையிற் தொடங்கிய தாதிப் பணி, குடியிருப்பு, கூலி, காற்று, தண்ணீர் ஆகியவற்றைத் தொடாமல் முன்செல்ல முடியாது என்பதை டெப்ற்போட் அனுபவம் போலத் தெளிவாகக் காட்டியது வேறில்லை.

இனி நம் நாட்டை நோக்குவோம். டெப்ற்போட்டிற் காணப்பட்ட அதே உண்மை இங்கு கொக்கிப்புழுவின் வடிவில் வெளிப்பட்டது. றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு 1916இல் மாத்தளைத் தோட்டப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. தொழிலாளருக்கு மருந்து கொடுப்பதில் தோட்டத்துரைமார் ஒத்துழைத்தனர். குருதிச்சோகை நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் அல்லவா? மலகூடம் கட்டுவதற்குப் பணம் செலவிடவேண்டும் என்றதும் அவர்களது உற்சாகம் குறைந்தது. மருந்து குடித்தவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர், புழு திரும்பியது. இவ்வனுபவத்தின் ஒரு விளைவாக 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. நோய் வந்தபின் மருந்து என்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நிலப்பரப்பின் மக்களை வீடுவீடாக அறிந்து நோயைத் தடுத்தல் என்பதே அதன் கொள்கை. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் மூலவடிவம் அதுவே. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுது, பிள்ளைகளை உடல்நோக்கிலும் தாங்கக்கூடிய அமைப்பொன்றின் எலும்புக்கூடு ஏற்கெனவே இங்கு இருந்தது. மூன்றாம் உலக நாடுகளில் இது அபூர்வம் என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வமைப்பிலே பாடசாலைக்கென்று ஒரு தாதி இல்லை. பணி பலரிடையே பகிரப்பட்டுள்ளது. சுகாதார வைத்திய அதிகாரியின் தலைமையில் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதனை ஒழுங்குசெய்கின்றார். பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரியும் குடும்பநல உத்தியோகத்தரும் துணைநிற்கின்றனர். மாணவர் தொகை இருநூறுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும், ஏனைய பாடசாலைகளிற் குறிப்பிட்ட தரங்களைச் சேர்ந்தோரும் பரிசோதிக்கப்படுகின்றனர். உயரமும் நிறையும் அளப்பதில் ஆசிரியர்கள் பங்குகொள்கின்றனர். தடுப்பூசியிலும் பூச்சிமருந்து வழங்குவதிலும் இம்முறை ஈட்டியுள்ள வெற்றி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. பாடசாலைக் கட்டடத்துக்குள்ளேயே நிரந்தரமாக இருந்து பணியாற்றும் சுகாதார ஊழியர் ஒருவரை நாம் காண்பது பற்சிகிச்சையில் மட்டுமே. 1921இல் நியூசிலாந்து தொடக்கிய பாடசாலைப் பற்தாதி முறை, கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 1950களில் இங்கு வந்து மகரகமையில் வேரூன்றியது. பல்லுக்குக் கிட்டிய இந்தப் பேறு காதுக்கும் கண்ணுக்கும் கிட்டவில்லை என்பது ஒரு வேடிக்கைதான்.

பரிசோதனை ஆண்டுக்கொரு நாள் நிகழ்வது. ஏனைய நாட்களில் நடப்பது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றின் நான்காந் தரத்துப் பிள்ளை. காதிலிருந்து சீழ் வடிகின்றது, பாதிதான் கேட்கின்றது, பின்வாங்கில் இருப்பதால் மந்தபுத்தி என்று பெயர்பெற்றுவிட்டது. பரிசோதனை நாளில் வைத்தியர் குறைபாட்டைச் சரியாகவே கண்டுபிடித்து, நகர வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுக்கின்றார். அரசின் பதிவேட்டில் அப்பிள்ளையின் விடயம் முடிந்துவிட்டது. வீட்டிலோ இனித்தான் தொடங்குகின்றது. கிளினிக் வாரத்தில் ஒருநாள் காலையில். தாய் விடியலிலே பெரட்டுக்களத்துக்குப் போகவேண்டியவள். ஒருநாள் போகாவிடின் ஒரு பேர் இல்லை. நிறை குறைந்தால் அரைப் பேர். கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுத்தான் அவள் கொழுந்தெடுக்கச் செல்கின்றாள். பேருந்துக் கட்டணம், நீண்ட வரிசை, மருந்து இல்லை என்றால் வெளிக்கடையில் வாங்கும் செலவு, மீண்டும் வருமாறு கூறப்படும் மறுதவணை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அத்துண்டின் விலை அவளுக்குப் பலநாட் கூலியாகின்றது. இலவசச் சிகிச்சை என்ற சொல் லயத்தின் வாசலுக்கு வரும்பொழுது இவ்வாறு பொருள் மாறுகின்றது. துண்டு சுவரிலுள்ள சாமிப் படத்தின் பின்னால் செருகப்பட்டு மஞ்சளாகின்றது. அடுத்த பரிசோதனையிலும் அதே குறைபாடு கண்டுபிடிக்கப்படும். பிள்ளையின் காது அதற்கிடையே மேலும் கெடும்.

1902இல் லினா றொஜர்ஸ் செய்ததும் இங்கு செய்யப்படாததும் ஒன்றேதான். அது மருத்துவ விஞ்ஞானம் சார்ந்ததன்று. தாய் வேலைக்குப் போய்விட்ட வீட்டிலிருந்து பிள்ளையைக் கைப்பிடித்து மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் அதனைச் செய்யக்கூடியவரே. வீட்டை அறிந்தவர், தாயின் பேற்றுக்காலத்திலேயே அங்கு சென்று வந்தவர். ஆனால் அவரது பெரும்பணி கர்ப்பிணித் தாய்மாரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பற்றியது. பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள அந்த ஒற்றையடிப் பாதையில், சுகாதாரச் சேவையின் கைப்பிடியிலிருந்து மெல்ல நழுவிவிடுகின்றது. ஐந்து வயதுவரை வீட்டிலே தேடிவந்த அரசு, ஐந்து வயதின் பின் ஆண்டுக்கொருமுறை வகுப்பிலே பார்த்துவிட்டுச் செல்கின்றது.

மொழிப் பிரச்சினை இதனோடு இணைந்துள்ளது. தமிழ்மொழியிற் பேசக்கூடிய சுகாதார ஊழியர் மலையகத்திற் போதாமை நெடுங்காலக் குறையாகும். தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் அரசாங்கத்தினால் பொறுப்பேற்கப்பட்டன. தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையோடு இணைக்கும் பணியோ 1990களிலே தொடங்கி இன்னும் முழுமைபெறவில்லை. இதனால் பிள்ளை கல்வியில் அரசின் குடிமகனாகவும் நோயிற் கம்பனியின் பொறுப்பாளியாகவும் நெடுங்காலம் பிரிந்து கிடந்தது. 1906இல் நியூயோர்க்குத் தாய்மார் யன்னலை உடைத்தனர். நம் தாய்மார் எதையும் உடைக்கவில்லை. விளங்காத மொழியில் எழுதப்பட்ட துண்டை மடித்து வைத்துக்கொண்டனர். அவர்கள் மௌனமாக இருந்தமையினால் அதனைச் சம்மதமாகக் கருதிவிட்டோம்.

நடைமுறையில் இவ்விடைவெளியை நிரப்பிக்கொண்டிருப்பவர் வகுப்பாசிரியரே, பெரும்பாலும் ஆசிரியையே. நகக்கண்ணைப் பார்த்துக் குருதிச்சோகையை ஊகிப்பவர், கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவனை முன்வாங்குக்கு மாற்றுபவர், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது வெறுவயிற்றோடு வந்த பிள்ளைக்குத் தமது சோற்றுப்பொதியைப் பகிர்ந்தவர் எனப் பலரை நாம் அறிவோம். இதனைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு அமைதியடைவது எளிது. ஆசிரியையின் தாய்மை உணர்வைக் காட்டி ஒரு பதவியின் சம்பளத்தை மிச்சம்பிடிக்கும் வழக்கத்துக்கு அப்புகழ்ச்சி துணைபோகின்றது. வால்ட் அன்று பெற்ற வாக்குறுதியை இங்கு நினைவுகூரலாம். தாதித் தொழில் பெண்களிடம் விடப்பட்ட காரணத்தினாலேயே அது பெண்களின் இயல்பான குணம் எனக் கருதப்பட்டு, தொழிலுக்குரிய கூலியும் அதிகாரமும் மறுக்கப்பட்ட வரலாறு அதற்கு உண்டு.

ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தாதி என்று கோருவது நம் நாட்டின் நிதிநிலையில் நடைமுறைக்கு ஒவ்வாது எனச் சிலர் கூறக்கூடும். றொஜர்ஸும் ஒரு பாடசாலைக்குரியவராக இருக்கவில்லை. நான்கு பாடசாலைகளுக்கு ஒருவராகவே இருந்தார். அருகருகே அமைந்த நாலைந்து தோட்டப் பிரிவுகளின் ஆரம்பப் பாடசாலைகளுக்குச் சேர்த்து, அப்பகுதி மொழி பேசும், அப்பகுதியிலேயே வளர்ந்த ஒரு பெண்ணைப் பயிற்றி அமர்த்துவது எட்டாத கனவன்று. பற்தாதி முறையை நிறுவிய அரசு இதனையும் நிறுவக்கூடும். அவளுக்கு மூன்று உரிமைகள் வேண்டும். சிறு நோய்க்குப் பாடசாலையிலேயே சிகிச்சை செய்யும் உரிமை, வேலைநேரத்தில் லயத்துக்குச் செல்லும் உரிமை, எழுதிக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் என்ன நடந்தது என்று வைத்தியசாலையைக் கேட்கும் உரிமை. மூன்றாவதுதான் நிருவாகத்துக்கு மிகவும் கசப்பானதாக இருக்கும். எத்தனை பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர் என்ற கணக்கு இன்று ஒவ்வொரு பிரிவிலும் உண்டு. அவர்களுள் எத்தனைபேரின் காது இப்பொழுது கேட்கின்றது என்ற கணக்கை எழுதுவதற்குரிய பத்தியும் அப்படிவத்தில் வேண்டும். அதனை நிரப்புபவர் பிள்ளையின் வீட்டுக்குச் சென்று வந்தவராக இருக்கவேண்டும்.